இது ஏக்கம் இல்லை, அரியர்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நகர்கிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

என் வீட்டு ஷோகேஸில் இருக்கும் பொம்மைக் கார்களை அண்ணன் பேத்தி படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். மொத்தம் 61 கார். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கியவை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு திண்டுக்கல் போகும்போதெல்லாம் எனக்காக நானே பார்த்துப் பார்த்து வாங்கியவை. அந்தப் படத்துக்குக் கீழே வந்த பதில்களைப் பாருங்கள். "அத்தைக்கு ரெண்டாவது குழந்தைப் பருவம் வந்திருச்சு." "பென்ஷன் எங்க போகுதுன்னு இப்பத்தான் தெரியுது." "காரு பொம்மையெல்லாம் ஆம்பளப் பசங்க சமாச்சாரம், மதினிக்கு எதுக்கு?" கூடவே வழக்கமான ஃபார்வர்டு ஒன்று: நுங்கு வண்டி ஓட்டிய கடைசித் தலைமுறை நாம்தான், அந்தச் சந்தோஷம் இன்றைய பொம்மைகளில் வருமா என்று.

மூன்று கேள்வி, ஒரு உபதேசம். நான்குக்கும் பதில் எழுதுகிறேன். குழுவில் எழுதினால் நடுவில் யாராவது காலை வணக்கம் போட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, இது பழைய காலத்து ஏக்கமா?

'நாஸ்டால்ஜியா' என்று இப்போது எல்லோரும் சொல்கிறீர்களே, அந்தச் சொல்லை 1688ல் உண்டாக்கியவர் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர். வெளியூருக்கு வேலைக்குப் போன தன் நாட்டுக்காரர்கள் ஊர் நினைப்பிலேயே இளைத்துப்போவதைப் பார்த்து, அதை ஒரு நோயாகக் கருதி வைத்த பெயர். கிரேக்க மொழியில் ஒரு பாதிக்கு வீடு திரும்புதல் என்று பொருள், மறுபாதிக்கு வலி என்று பொருள். சரி, வீடு திரும்ப முடியவில்லையே என்று ஒருவருக்கு வலிக்க வேண்டுமானால் முதலில் அங்கே ஒரு வீடு இருந்திருக்க வேண்டும் அல்லவா? என் சின்ன வயதில் என் கையில் ஒரு கார்கூட இருந்ததில்லை. இருந்ததை இழந்தவர்களுக்குத்தான் அந்த நோய் வரும். எனக்கு எப்படி வரும்?

நுங்கு வண்டியைப் பற்றிப் பேசுவோம். எங்கள் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. நுங்கு எடுத்த காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு தெருவே புழுதியாகும்படி ஓடுவார்கள். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் செய்வார்கள். ஓடினவர்கள் யார்? என் அண்ணன்மார். நான் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், இடுப்பில் தம்பி. அவன் இறங்கி ஓடும் வயது வந்தபோது அவனுக்கும் ஒரு வண்டி கிடைத்தது. எனக்குத் தண்ணீர்க் குடம் கிடைத்தது. அந்த ஃபார்வர்டில் 'நாம்' என்று வருகிறதே, அந்த 'நாமில்' எத்தனை பெண்பிள்ளைகள் இருந்தோம் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

அரசு ஊழியர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அரியர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்தந்த மாதம் வந்திருக்க வேண்டிய பணம் வராமல் நின்று, பின்னால் கணக்குப் பார்த்து மொத்தமாகக் கைக்கு வருவது. அரியர் வாங்குகிறவரைப் பார்த்து, 'பழைய நினைப்பில் வாங்குகிறார், பாவம்' என்று யாராவது சொல்வீர்களா? ஆறு வயதில் எனக்கு வரவேண்டியது அறுபதுக்கு மேல் வருகிறது. நான் வட்டிகூடக் கேட்கவில்லை.

இந்தப் பாக்கி என்னோடு தொடங்கியதும் இல்லை. பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பருவத்தில் முதல் ஏழு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றுதான் வேறு. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல். தேர் உருட்டுவது ஆண்பாலில்தான் வரும். அந்தச் சிற்றில் பருவத்தில் என்ன நடக்கிறது? பெண்பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவார்கள், பையன் வந்து காலால் சிதைப்பான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். இதைப் பல வருஷம் ரசித்துப் பாடம் நடத்தியவள் நான். இலக்கியச் சுவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தேர் எங்கே போயிற்று என்று ஒரு பெண்பிள்ளை கேட்டால் அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு.

அடுத்து அந்த உபதேசம். இல்லாமையிலும் சந்தோஷமாக இருந்தோமாம்.

இதைச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சொல்கிறீர்கள். நுங்கு வண்டி நம் பெற்றோர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பொம்மை இல்லை. திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவுக்குப் போனால் கடைகளில் வண்ணம் அடித்த தகரக் கார்கள் வரிசையாக இருக்கும். பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அம்மா கையைப் பிடித்து இழுப்பாள். இழுக்கும்போது அவளும் ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள், அது யாருக்கும் தெரியாது. நுங்கு வண்டி அந்த இழுப்புக்குப் பிறகு வந்தது. ஒன்றும் இல்லாத கையால் ஒன்றைச் செய்துகொண்ட பிள்ளையின் சாமர்த்தியத்தை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டுவேன். அச்சும் சக்கரமும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அந்தப் பையன்கள் புத்தகம் இல்லாமலே கற்றார்கள். ஆனால் பாராட்டு பிள்ளைக்குத்தான். வறுமைக்குப் பொன்னாடை போர்த்தாதீர்கள்.

'மிருச்சகடிகம்' என்று ஒரு வடமொழி நாடகம் உண்டு. சூத்திரகர் எழுதியது. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதை 'மண்ணியல் சிறுதேர்' என்ற பெயரில் தமிழாக்கினார். பெயரே ஒரு பொம்மை வண்டிதான். நொடித்துப்போன சாருதத்தன் வீட்டுப் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பையனின் பொன் வண்டியோடு விளையாடிவிட்டு வந்து, எனக்கும் அதுவே வேண்டும் என்று அழுகிறான். களிமண் வண்டி கொடுக்கிறார்கள். அவன் சமாதானமாகவில்லை. அங்கே இருந்த வசந்தசேனை என்ன செய்தாள்? 'மண் வண்டியில்தானடா உண்மையான சந்தோஷம்' என்று பாடம் நடத்தவில்லை. தான் போட்டிருந்த நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியை நிரப்பி, பொன் வண்டி செய்துகொள் என்று கொடுத்தாள். அழுகிற பிள்ளைக்கு முன்னால் பெரியவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை அது. நகை கொடுக்க முடியாவிட்டால் போகட்டும், அவன் அழுகை நியாயம் என்றாவது ஒத்துக்கொள்ளலாம்.

நம் பட்டினப்பாலையிலும் குதிரை பூட்டாமல் பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள், காலில் பொன் அணிந்தவர்கள். நல்ல வண்டி அன்றைக்கும் வசதி உள்ள வீட்டில்தான் ஓடியிருக்கிறது. அதனால் 'இல்லாததே இன்பம்' என்பதைத் தமிழ் மரபு என்று சொல்லி என்னிடம் விற்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, பென்ஷன் எங்கே போகிறது?

கணக்குப் போடுவோம். ஒரு கார் சராசரியாக 180 ரூபாய். 61 காருக்கு 10,980 ரூபாய். இன்றைய விலையில் இரண்டு கிராம் தங்கத்துக்குக்கூடக் காணாது. நம் வீட்டுப் பரணில் கல்யாணச் சீராக வந்து, ஒரு நாளும் அடுப்பேறாத பாத்திரங்களின் விலை இதைவிடப் பல மடங்கு. அதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. மதுரைச் சம்பந்தி வீட்டில் நவராத்திரிக்கு ஒன்பது படி கொலு வைக்கிறார்கள். செட்டியார் பொம்மையும் கடையும், கல்யாண ஊர்வலமும், கிரிக்கெட் விளையாடும் பொம்மைகளும் உண்டு. எல்லாம் பெரியவர்கள் வருஷா வருஷம் தேடித் தேடி வாங்கியவை. நீங்களும் போய்ச் சுண்டல் சாப்பிட்டு, "எவ்வளவு அழகு!" என்று படம் எடுத்துப் போட்டீர்கள். படிக்கட்டில் வைத்தால் பக்தி, ஷோகேஸில் வைத்தால் பைத்தியமா?

இந்தச் சின்னக் காருக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்கிறேன். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் லெஸ்னி என்ற நிறுவனத்தில் ஜாக் ஓடெல் என்ற பொறியாளர் இருந்தார். அவர் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. அவர் மகளுக்காகத் தீப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு சாலை உருளையைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953ல் பிறந்ததுதான் 'மேட்ச்பாக்ஸ்' கார்கள். கவனியுங்கள், உலகம் முழுக்க ஆண்பிள்ளைகளின் பொம்மையாகிப்போன அந்த வரிசை ஒரு பெண்பிள்ளையின் பள்ளிப் பைக்காகத் தொடங்கியது. அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 'ஹாட் வீல்ஸ்' கார்களைக் கொண்டுவந்தது 1968ல். எனக்கு அப்போது ஒன்பது வயது. நம் நாட்டிலும் நல்ல கார்கள் வார்க்கப்படாமல் இல்லை. இங்கிலாந்தின் 'டிங்க்கி' கார்களின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வெளிவந்தன. எங்கள் தெருவில் ஒருவர் கையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

இந்தக் கார்களை ஒன்றுக்கு அறுபத்து நான்கு என்ற அளவில் செய்கிறார்கள். தேசப்படத்தில் அளவுத்திட்டம் படித்தோமே, அதேதான். அம்பாசிடர் காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். 64ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விகிதம் என்றால் என்ன என்று கரும்பலகையில் ஒரு வாரம் நடத்துவதை இந்த ஒரு காரும் ஓர் அளவுகோலும் அரை மணி நேரத்தில் நடத்திவிடும். 2014ல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இனி வரும் பிள்ளைகளுக்கு அந்தக் காரைச் சாலையில் காட்டுவது கடினம். என் ஷோகேஸில் காட்டலாம்.

மூன்றாவது கேள்வி, பொம்பளைக்கு எதற்குக் கார்?

உலகில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். பெட்ரோல் பங்க் இல்லாத காலம். வழியில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கிக்கொண்டார். கார் நம்பத் தகுந்தது என்று ஊருக்குக் காட்டியது அந்தப் பயணம்தான். நம் தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993ல் அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். அவர் ஓட்டிய பேருந்தில் எத்தனையோ மச்சான்மார் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போயிருப்பார்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி - திண்டுக்கல் சாலையில் போகும் ஓட்டுநர்கள் அய்யலூர் வண்டிக் கருப்பணசாமி முன்னால் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். புது வண்டி வாங்கினால் பூஜைக்கு முதலில் இங்கேதான் வருகிறார்கள். வியாழக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வரும் வண்டிகள் விடியுமுன்னே வரிசைகட்டி நிற்கும். தக்காளி ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். இரவில் படுத்தால் லாரிச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். காவல் தெய்வத்தின் பெயரிலேயே வண்டி இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வண்டிமேல் ஆசை வரக்கூடாது என்றால், வேறு எந்த ஊர்க்காரிக்கு வரவேண்டும்?

இதுவரை என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குச் சொன்னேன். இனிச் சொல்வது என்னைப் போல் கார் சேர்க்கிறவர்களுக்கு. என் மாணவர்களில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். "டீச்சர், நானும் சேர்க்கிறேன்" என்று ரகசியமாகச் செய்தி அனுப்பியவர்கள், உங்களையும் விடுவதாக இல்லை.

உங்களில் சிலர் அட்டையைக் கிழிப்பதே இல்லை. கிழித்தால் மதிப்புப் போய்விடுமாம். கார் சுவரில் தொங்குகிறது, சக்கரம் ஒரு முறைகூடத் தரையைத் தொட்டதில்லை. இன்னும் சிலர் கடை திறக்கும்போதே போய், அபூர்வமான கார்களைப் பொறுக்கி எடுத்து, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். 1995லிருந்து ஹாட் வீல்ஸிலேயே 'ட்ரெஷர் ஹன்ட்' என்று குறைந்த எண்ணிக்கையில் சில கார்களைக் கலந்து வைக்கிறார்கள். அதைத் தேடி இவர்கள் பெட்டியையே கலைத்துப் போடுகிறார்கள். உண்டியல் காசை எண்ணிக்கொண்டு சாயங்காலம் வரும் பிள்ளைக்கு மிச்சம்தான். சின்ன வயதில் கிடைக்கவில்லையே என்று வாங்கத் தொடங்கிய நாம், இன்றைய பிள்ளைக்குக் கிடைக்காமல் செய்தால் அது எந்த ஊர் நியாயம்? நம் அரியரை அடுத்தவன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

பூட்டி வைத்த பொம்மை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1987ல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் கொண்டுவந்தது. ஆரம்பப் பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி, கணிதப் பெட்டி, படங்கள் இவற்றோடு விளையாட்டுப் பொருள்களும் பொம்மைகளும் தர வேண்டும் என்பது அந்தத் திட்டம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அந்தப் பொம்மைகள் வந்து இறங்கிய அன்றே பீரோவுக்குள் போயின. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம். போட்டது திண்டுக்கல் பூட்டு. நம் ஊர்ப் பூட்டின் பெருமை உலகம் அறிந்தது, 2019ல் புவிசார் குறியீடே வாங்கியது. அந்தப் பீரோவுக்கு அவ்வளவு நல்ல பூட்டு வேண்டியிருக்கவில்லை. நானும் இன்னொரு ஆசிரியையும் மாறி மாறிக் கேட்டும் ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும்தான் பீரோ திறந்தது. பொம்மைகள் மேசைமேல் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பார்கள். சாயங்காலம் மறுபடியும் உள்ளே. ஒரு கீறல் இல்லாமல், எண்ணிக்கை குறையாமல் இருந்தன. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் தொடாமலே ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் ஃப்ரோபெல் பற்றிப் படித்தோம். குழந்தைகளின் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தவர். பந்து, கனசதுரம், உருளை என்று அவர் செய்துகொடுத்த விளையாட்டுப் பொருள்களுக்கு அவர் வைத்த பெயர் 'பரிசுகள்'. பரிசு என்றால் கையில் கொடுக்க வேண்டும். பீரோவில் இருந்தால் அது வெறும் இருப்பு. அட்டையோடு சுவரில் தொங்கும் காரும் எனக்கு அந்தப் பீரோவைத்தான் நினைவுபடுத்துகிறது. என்னுடைய 61 காரில் ஒன்றுக்கும் அட்டை கிடையாது. வாங்கிய அன்றே கிழித்துவிடுவேன். வீட்டுக்கு வரும் எந்தப் பிள்ளையும் எடுத்து ஓட்டலாம். மூன்று காருக்குச் சக்கரம் கோணிவிட்டது, ஒன்றுக்குக் கதவே இல்லை. அவற்றையும் ஷோகேஸில் முன்வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

1989ல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் 31ஆவது பிரிவு விளையாடுவது குழந்தையின் உரிமை என்கிறது. 1992ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. உரிமை என்று சொன்ன பிறகு, 'இருந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் நுங்கு வண்டி இருக்கிறது' என்று பேசக்கூடாது. எந்தப் பிள்ளையும் அறுபது வயதில் அரியர் வாங்கும்படி விடக்கூடாது. அந்தந்த வயதில் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. என்னைப் பார்க்க வரும்போது சால்வை கொண்டுவராதீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டில் சால்வைக்குக் குறைவே இல்லை, போர்த்திக்கொள்ள நம் ஊரில் குளிர்தான் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு பொம்மை லாரியோ பேருந்தோ வாங்கி, உங்கள் ஊர் அங்கன்வாடியிலோ அரசு ஆரம்பப் பள்ளியிலோ கொடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சின்னக் கார் வேண்டாம், சக்கரத்தைக் கழற்றி வாயில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்குப் பெரிய மர வண்டியாக வாங்குங்கள். கொடுக்கும்போது அட்டையை நீங்களே கிழித்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது நேராகப் பீரோவுக்குப் போய்விடும்.

பையன்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சுவர் ஓரமாக, தம்பியையோ தங்கச்சியையோ பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நிற்பாள். முதல் வண்டியை அவள் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அய்யலூர்.